மகளின் கம்ப்யூட்டரில் என் மாவு வியாபாரம்

"நாளைக்கு எங்க கிளாஸ்ல பீர் கேம்மா. காலைல சீக்கிரம் கிளம்பணும்" என்றாள் என் மகள்.

என் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்னம்மா சொல்றே?" என்றார். இவள் காலேஜ் பீஸுக்காக இரண்டு வருஷமாய் எந்தப் பண்டிகைக்கும் புதுப்புடவை எடுக்காதவள் நான். எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்!

அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ அம்மா, குடிக்கிறது இல்லேம்மா. கம்ப்யூட்டர்ல விளையாடுற பாடம். பேர்தான் அப்படி!"

என் மகள் திருச்சியில் எம்.பி.ஏ. படிக்கிறாள். அதில் 'ப்ரொடக்‌ஷன் அண்டு ஆபரேஷன்ஸ் மேனேஜ்மெண்ட்' என்று ஒரு பாடம். 'ஆபரேஷன்ஸ்' என்று நான் சொன்னதைக் கேட்ட எதிர்வீட்டு மாமி, "பொண்ணு டாக்டருக்கா படிக்கிறா? சொல்லவே இல்லையே!" என்று கோபித்துக்கொண்டாள். இது கத்தி எடுக்கும் ஆபரேஷன் இல்லை, சகோதரிகளே. ஒரு பொருளை எவ்வளவு செய்வது, எப்போது செய்வது, எந்த வேலையை முதலில் தொடங்குவது, எவ்வளவு சரக்கைக் கையிருப்பில் வைப்பது என்று கற்றுக்கொடுக்கும் பாடம். இருநூறு பேர் கல்யாணத்துக்கு எந்த அடுப்பில் எதை எப்போது ஏற்றுவது என்று ஒரு சமையற்காரர் மனசுக்குள் போடுகிறாரே ஒரு கணக்கு, அதையே கம்ப்யூட்டரில் போடுகிறார்கள். நிஜத் தொழிற்சாலையில் மாணவர்கள் கைவைத்துப் பார்க்க முடியுமா? அதனால் தொழிற்சாலையைப் போலவே ஒரு கணக்கு மாதிரியைக் கம்ப்யூட்டருக்குள் கட்டி, அதில் தப்பும் தவறும் செய்து கற்றுக்கொள்ள விடுகிறார்கள். பொம்மைச் சொப்பு வைத்துச் சமையல் கற்கிற மாதிரி.

அந்த பீர் விளையாட்டு அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற கல்லூரியில் பிறந்தது. ஜே ஃபாரெஸ்டர் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 1960களின் தொடக்கத்தில் வடிவமைத்தார்களாம். முதலில் நீளமான பலகையும் காய்களும் வைத்து ஆடியிருக்கிறார்கள், இப்போது கம்ப்யூட்டர். ஒரு குழுவில் நான்கு பேர். ஒருவர் சில்லறைக் கடைக்காரர், அடுத்தவர் மொத்த வியாபாரி, மூன்றாமவர் விநியோகஸ்தர், நான்காமவர் தொழிற்சாலை. வாரா வாரம் தனக்கு மேலே இருப்பவரிடம் சரக்கு கேட்கலாம். ஆனால் கேட்டது கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். ஒருவரோடொருவர் பேசக் கூடாது. சரக்கு தேங்கினால் ஒரு பெட்டிக்கு வாரம் அரை டாலர் நஷ்டம். கேட்டவருக்குக் கொடுக்க முடியாமல் பாக்கி வைத்தால் ஒரு டாலர் நஷ்டம்.

வாடிக்கையாளர்கள் முதலில் வாரத்துக்கு நான்கு பெட்டி வாங்குகிறார்கள். ஐந்தாவது வாரம் அது எட்டாகிறது. அதற்குப் பிறகு ஆட்டம் முடிகிற வரை எட்டுதான், ஒரு பெட்டி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இவ்வளவுதான் நடப்பது. ஆனால் என் மகள் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே! மொத்த வியாபாரியாக உட்கார்ந்தவள், சரக்கு வரவில்லையே என்று பயந்து மேலே மேலே ஆர்டர் போட்டிருக்கிறாள். அவளுக்கு மேலே இருந்த பையன் அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட்டிருக்கிறான். தொழிற்சாலைக்காரியோ ராத்திரி பகலாய்ச் செய்து தள்ளியிருக்கிறாள். பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் வந்து இறங்கியது. வைக்க இடம் இல்லாமல் நாலு பேரும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டார்களாம்.

"கடைசில மேடம் போர்டுல கோடு போட்டுக் காட்டினாங்கம்மா. வாங்கினவங்க எட்டுதான் வாங்கியிருக்காங்க. குதிச்சதெல்லாம் நாங்கதான்."

இதற்குச் சாட்டை விளைவு என்று பெயர். சாட்டையின் பிடியைக் கை லேசாக அசைத்தால் நுனி எப்படிச் சுழன்று அடிக்கிறது! அது போலத்தான். 'பாம்பர்ஸ்' தெரியும் அல்லவா, குழந்தைகளுக்குக் கட்டுகிற நாப்கின்? அதைச் செய்யும் ப்ராக்டர் அண்டு காம்பிள் கம்பெனி தன் கணக்குகளைப் பார்த்தபோது இதே கதைதான். கைக்குழந்தைகள் நனைப்பது தினமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். பண்டிகை வருகிறதென்று எந்தக் குழந்தையும் கூடுதலாய் நனைப்பதில்லை! கடைகளின் விற்பனையும் அப்படிச் சீராகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் விநியோகஸ்தர்களின் ஆர்டரும், கம்பெனி தனக்கு வேண்டிய மூலப்பொருளுக்குப் போட்ட ஆர்டரும் மலையும் பள்ளமுமாய் இருந்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஹாவ் லீயும் அவருடைய இரு நண்பர்களும் 1997-ல் இதை எழுதிய பிறகு எல்லாக் கல்லூரிகளிலும் இது பாடமாகிவிட்டது.

நாம் இதைப் பார்க்காதவர்களா? 2020 மார்ச்சில் ஊரடங்கு என்றதும் எத்தனை வீட்டில் பருப்பும் எண்ணெயும் மூன்று மாசத்துக்கு வாங்கி அடுக்கினோம்! சாப்பிடுகிற வயிறு அதே நாலு வயிறுதான்.

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த ஊரடங்கில்தான் என் கணவர் வேலை பார்க்கும் கடையில் சம்பளம் பாதியானது. நான் பிளஸ் டூ வரை படித்தவள். வெளி வேலை எதுவும் பார்த்ததில்லை. வீட்டு கிரைண்டரில் இட்லி மாவு அரைத்துத் தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுக்க ஆரம்பித்தேன். அது மெல்ல வளர்ந்தது. பத்து லிட்டர் சாய்ப்பு கிரைண்டர் ஒன்று பழசாக வாங்கினோம். இப்போது ஆறு கடைகளுக்கு தினமும் நாற்பது பாக்கெட் இட்லி மாவும், ஐந்து பாக்கெட் அடை மாவும் போகிறது. பாக்கெட் ஒரு கிலோ. மகளின் படிப்பு இதில்தான் ஓடுகிறது.

சாட்டைக் கதையைக் கேட்டதும் எனக்கு எங்கள் அண்ணாச்சி கடைதான் ஞாபகம் வந்தது. ஒரு நாள் பத்து பாக்கெட்டும் தீர்ந்துவிட்டால் மறுநாள் இருபது கேட்பார். இருபது போட்டால் பத்து மிஞ்சும். அதற்கு மறுநாள், "இன்னிக்கு வேண்டாம் தங்கச்சி" என்பார். இங்கேயோ முதல் நாள் ராத்திரியே அரைத்து வைத்தாயிற்று! மகள் சொன்ன யோசனை ரொம்பச் சின்னது. கடைக்காரர் எவ்வளவு 'கேட்கிறார்' என்று பார்க்காதே, எவ்வளவு 'விற்றார்' என்று பார். ஒவ்வொரு கடைக்கும் ஒரு தினசரி காலண்டர் கொடுத்தோம். அன்றன்று விற்ற பாக்கெட்டை அந்தத் தாளில் எழுதச் சொன்னோம். ஒரு மாசம் சேர்த்துப் பார்த்தால் அண்ணாச்சி கடையில் எட்டுக்குக் குறைந்ததும் இல்லை, பன்னிரண்டைத் தாண்டியதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் கூட. இப்போது அவர் இருபது கேட்டாலும் பன்னிரண்டுதான் போடுகிறேன். அவரும் ஒன்றும் சொல்வதில்லை.

அந்தக் காலண்டர் தாள்களில் இன்னொன்றும் தெரிந்தது. ஆறு கடைகளையும் சேர்த்தால் இட்லி மாவு அறுபத்தைந்து பாக்கெட் வரை விற்கும். நான் கொடுப்பது நாற்பது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"இன்னொரு கிரைண்டர் போட்டுடு" என்றார் என் கணவர். கடைக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். புதுசு வாங்க இருபத்தைந்தாயிரத்துக்குக் குறையாது. கையில் அவ்வளவு ஏது? என்னிடம் இருப்பது அம்மா போட்ட இரண்டு வளையல். முதல் செமஸ்டர் பீஸுக்கு அடகு வைத்து, பாடுபட்டு மீட்டு ஆறு மாசம்கூட ஆகவில்லை. எனக்கு மனசு வரவில்லை. "வியாபாரம்னா துணிஞ்சு இறங்கணும்" என்று அவர் ஒரு பக்கம். "பொண்ணு கல்யாணத்துக்கு மிஞ்சி இருக்கிறது அதுதான்" என்று நான் ஒரு பக்கம். பத்து நாள் வீட்டில் இதே பேச்சு.

அப்போதுதான் மகளுக்கு வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார்கள். நிஜமான ஒரு தொழிலை எடுத்துக் கம்ப்யூட்டரில் மாதிரி செய்ய வேண்டும். மற்றவர்கள் லேத் பட்டறை, பேக்கரி என்று போனார்கள். இவள் என்னையே பிடித்துக்கொண்டாள்.

ஒரு வாரம் செல்போன் கடிகாரத்தை வைத்துக்கொண்டு என் பின்னாலேயே நடந்தாள். ஊறவைப்பது, களைவது, அரைப்பது, கரைப்பது, காலையில் நிறுத்து பாக்கெட் போடுவது என எல்லாவற்றுக்கும் நிமிஷக் கணக்கு. "அம்மா, ஒரு பாக்கெட்டுக்கு ரெண்டு நிமிஷம். ஐஸ் வைக்காம உளுந்து அரைச்சா சூடாகுதுன்னு நிறுத்துறீங்களே, அதுக்கு எவ்வளவு நேரம்?" என்று ஒரே கேள்வி. இருபது வருஷம் என் கைப்பக்குவத்தைத் திரும்பிப் பார்க்காதவள், மெழுகுவர்த்தி கட்டரால் பாக்கெட் வாயை ஒட்டுவதைக்கூட உட்கார்ந்து எழுதினாள்.

கடைசியில் கணக்கு இப்படி நின்றது. கிரைண்டரில் மணிக்குப் பத்து கிலோ இட்லி மாவு வரும். அல்லது பன்னிரண்டு கிலோ அடை மாவு வரும். இட்லி மாவைக் கடைக்கு 40 ரூபாய்க்குப் போடுகிறேன். அரிசி, உளுந்து, வெந்தயம், கரண்ட், கவர் எல்லாம் போக 12 ரூபாய் மிச்சம். அடை மாவில் 20 ரூபாய் நிற்கும். இதையெல்லாம் எக்ஸெல்லில் கட்டம் கட்டமாய்ப் போட்டு, அதிலேயே இருக்கும் 'சால்வர்' என்ற கருவியிடம், "அதிகமாக லாபம் வர என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

பளிச்சென்று பதில் வந்தது. தினம் 288 கிலோ அடை மாவு அரைக்கவும். இட்லி மாவு: சைபர்!

நாங்கள் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு மாமி எட்டிப் பார்த்தாள். தெருவே மூன்று வேளையும் அடை தின்றாலும் தீராதே! கிரைண்டர் இருபத்துநாலு மணி நேரமும் ஓடும், அடைக்கு லாபம் அதிகம். இந்த இரண்டைத்தான் அதனிடம் சொல்லியிருக்கிறாள். அது தனக்குத் தெரிந்ததை வைத்துச் சரியாகத்தான் பெருக்கியிருக்கிறது. கடைகளில் அடை மாவு ஐந்து பாக்கெட்டுக்கு மேல் போகாது என்று யாரும் அதற்குச் சொல்லவில்லையே.

இதை அவள் வகுப்பில் சொன்னபோது அந்தப் பேராசிரியை ஒரு கதை சொன்னாராம். அதை உங்களுக்கும் சொல்லாவிட்டால் என் மனசு ஆறாது. ஏனென்றால் அது நம் சமையலறைக் கதை.

ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் (பின்னால் 1982-ல் நோபல் பரிசு வாங்கியவர்) 1945-ல் ஒரு கணக்குப் போட்டார். உடம்புக்கு வேண்டிய ஒன்பது சத்தும் கிடைக்க வேண்டும், செலவு மிகக் குறைவாக இருக்க வேண்டும்; 77 உணவுப் பொருள்களில் எதெது எவ்வளவு வாங்குவது? அவர் கையால் போட்டுக் கண்ட விடை, ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு 39 டாலர் 93 சென்ட், 1939-ம் வருஷ விலையில். கோதுமை மாவு, வற்றவைத்த டின் பால், முட்டைக்கோஸ், கீரை, உலர்ந்த வெள்ளை பீன்ஸ், அவ்வளவுதான் பட்டியல். வருஷம் முழுவதும்! இரண்டு வருஷம் கழித்து, 1947-ல், ஜார்ஜ் டான்ட்ஸிக் என்பவர் கண்டுபிடித்த புது வழியில் அதே கணக்கைத் திரும்பப் போட்டார்கள். கம்ப்யூட்டர் கிடையாது. ஒன்பது குமாஸ்தாக்கள் மேஜைக் கணக்கு மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மொத்தம் 120 ஆள்-நாள் வேலை. விடை 39 டாலர் 69 சென்ட். ஸ்டிக்லரின் கைக்கணக்குக்கும் இதற்கும் வித்தியாசம் வெறும் 24 சென்ட்தான்.

அந்த டான்ட்ஸிக்கையே 1950களில் டாக்டர் எடை குறைக்கச் சொல்லிவிட்டார். மனிதர் சும்மா இருப்பாரா? தன் சாப்பாட்டையும் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டார். தண்ணீர்ச் சத்துப் போக வயிறு நிறைய வேண்டும், கலோரி ஏறக் கூடாது என்பது நிபந்தனை. முதல் நாள் கம்ப்யூட்டர் சொன்ன சாப்பாட்டில், தினமும் 500 காலன் வினிகர் இருந்தது! நம் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் லிட்டர் காடி. அதைப் பட்டியலிலிருந்து எடுத்தார். மறுபடி போட்டால் சூப்புக்குப் போடும் கட்டி 200. அதற்கு ஒரு வரம்பு கட்டினார். அடுத்தது தவிடு. அதற்கும் வரம்பு கட்டினால் வெல்லப்பாகு! கடைசியில் அவர் மனைவி ஆன் அந்தப் பட்டியல்களையெல்லாம் படித்துப் பார்த்து, அதிலிருந்து நல்லதாய்ச் சிலவற்றை எடுத்துக்கொண்டு, இனி என் டயட்தான் என்று சொல்லிவிட்டார். டான்ட்ஸிக் பத்து கிலோ இளைத்தார். இதை அவரே பின்னால் எழுதி வைத்திருக்கிறார்.

எங்கள் வீட்டில் அந்த ஆன் அம்மாள் வேலை எனக்கு வந்தது. அடை ஐந்து, இட்லி அறுபத்தைந்து என்று வரம்பு கட்டியதும் கம்ப்யூட்டர், "எல்லாவற்றையும் செய்யலாம், ஒரே கிரைண்டர் போதும், ஏழு மணி நேரத்துக்குள் முடியும்" என்றது. பிறகு ஏன் என்னால் முடியவில்லை? மகள் முழித்தாள். எனக்குத் தெரிந்தது. "மாவு பொங்கி வர காலை அஞ்சு ஆகும். அப்பா ஆறரைக்கு வண்டியில கடைகளுக்குக் கிளம்பணும். பாக்கெட் போட எனக்குக் கிடைக்கிறது அந்த ஒன்றரை மணி நேரம்தான். நீ எனக்கு இருபத்துநாலு மணி நேரம்னு போட்டிருக்கியே, கண்ணு!"

அவள் மாற்றிப் போட்டாள். தொண்ணூறு நிமிஷம், பாக்கெட்டுக்கு இரண்டு நிமிஷம். விடை: அடை ஐந்து, இட்லி நாற்பது. நான் தினம் செய்வது அப்படியே வந்து நின்றது.

அதோடு இன்னொரு பட்டியலும் வரும். 'நிழல் விலை' என்கிறார்கள். எந்த ஒன்றை இன்னும் கொஞ்சம் கூட்டினால் எவ்வளவு ரூபாய் அதிகம் கிடைக்கும் என்று அது காட்டும். கிரைண்டருக்கு இன்னொரு மணி நேரம் கொடுத்தால் கிடைப்பது சைபர் ரூபாய். ஆனால் காலையில் பாக்கெட் போடும் நேரத்தில் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஆறு ரூபாய். இன்னும் ஐம்பது நிமிஷம் இன்னொரு ஜோடிக் கை கிடைத்தால் இருபத்தைந்து பாக்கெட், 300 ரூபாய். என் கணவர் அந்தக் கட்டத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கிரைண்டர் ஒரு நாளில் நாலரை மணி நேரம்தான் ஓடுகிறது. மீதி நேரம் துணி போர்த்திக்கொண்டு தூங்குகிறது. பக்கத்தில் இன்னொன்று வாங்கிப் போட்டால் இரண்டும் சேர்ந்து தூங்கும். வளையலைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வீட்டில் எழவில்லை.

மகள் வகுப்பில் இதைச் சொல்ல வேண்டிய நாள் வந்தது. தொழில் நடத்துபவரும் வரலாம் என்று பேராசிரியை சொல்லி அனுப்பியிருந்தார். எந்தப் புடவை கட்டுவது என்பதிலேயே முதல் நாள் ராத்திரி போனது; அதை விடுங்கள். குளுகுளு அறை, வரிசையாய்க் கம்ப்யூட்டர்கள், நாற்பது பிள்ளைகள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பேராசிரியை, "இந்த கிளாஸுக்கு இன்னிக்கு நீங்கதான் டீச்சர்" என்று சொல்லி முன்னால் அழைத்து நாற்காலி போட்டார்.

ஒரு பையன் எழுந்து, "ஆன்ட்டி, மாவு புளிக்க ஒன்பது மணி நேரம்னு போட்டிருக்காங்களே, எப்பவுமே ஒன்பதுதானா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. திருச்சி வெயிலில் சித்திரை மாசம் ஐந்து மணி நேரத்திலேயே பொங்கித் தரையில் வழியும். நடுராத்திரி எழுந்து உப்பும் குளிர்ந்த தண்ணீரும் பார்க்க வேண்டும். மார்கழியில் போர்வை போர்த்தி, பாத்திரத்தை அடுப்பு மேடை ஓரமாய் வைத்தாலும் பதினோரு மணி நேரம் ஆகும். உளுந்து புதுசா பழசா என்பதும் உண்டு. அத்தனையும் சொன்னேன்.

பேராசிரியை உடனே அந்த ஒன்பதை அழித்துவிட்டார். ஒரே எண்ணுக்குப் பதிலாக, தாயம் உருட்டுவது போல ஒவ்வொரு நாளும் ஒரு எண் விழட்டும் என்று மாற்றினார். இதற்கு மான்டி கார்லோ முறை என்று பெயராம். ஒரு சூதாட்ட ஊரின் பெயர். ஸ்டானிஸ்லா உலாம் என்ற கணித மேதை 1946-ல் நோயிலிருந்து தேறி வரும்போது தனியாகச் சீட்டாடிக்கொண்டிருந்தாராம். இந்த ஆட்டம் ஜெயிக்க எத்தனை வாய்ப்பு என்று சூத்திரம் போட்டு மாளவில்லை. பேசாமல் நூறு தடவை ஆடிப் பார்த்து எண்ணினால் என்ன என்று தோன்றியதில் பிறந்தது இது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் என் மாவு வியாபாரத்தை ஆயிரம் காலைகள் நடத்தி முடித்துவிட்டது. ஆயிரம் காலை! நான் எழுந்து கோலம் போட்டு அடுப்பு மூட்டினால் மூன்று வருஷம் ஆகும் அதற்கு. அதில் நூற்றுக்கு மேற்பட்ட காலைகளில் ஐந்து மணிக்கு மாவு தயாராக இல்லை. மார்கழியில் ஒரு மணி நேரம் முன்னதாக அரைத்தால் அது பாதிக்கும் கீழே இறங்கியது. இது எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான். ஆனாலும் கோடு போட்டுக் காட்டியதில் ஒரு சந்தோஷம்.

அரிசி மூட்டை எத்தனை சேர்த்து வாங்குவது என்பதற்கும் ஒரு சூத்திரம் சொன்னார்கள். அடிக்கடி வாங்கினால் ஆட்டோ கூலி. மொத்தமாய் வாங்கினால் வண்டும், முடங்கிக் கிடக்கும் பணமும். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்று 1913-லேயே ஃபோர்டு ஹாரிஸ் என்பவர் எழுதிவிட்டார். இன்றைக்கும் முதல் பாடம் அதுதானாம். அவர் ஹைஸ்கூலுக்கு மேல் படிக்காதவர் என்று கேட்டதும் நான் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்!

எல்லாம் முடியும் நேரத்தில் பேராசிரியை திரையில் ஒரு வரியைக் காட்டினார். செலவுப் பட்டியலில் அரிசி, உளுந்து, கவர், பெட்ரோல் எல்லாவற்றுக்கும் எதிரே எண் இருந்தது. 'உழைப்பு' என்பதற்கு எதிரே மட்டும் சைபர்.

"இது ஏன் சைபர்?" என்று என் மகளைக் கேட்டார்.

"அம்மாதான் மேடம் செய்றாங்க" என்றாள் அவள்.

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. பேராசிரியை என் பக்கம் திரும்பி, "வேற ஒருத்தரைக் காலை அஞ்சு மணிக்கு வேலைக்கு வெச்சா மணிக்கு என்ன கொடுப்பீங்கம்மா?" என்றார். நூறு ரூபாய் இல்லாமல் யாரும் வர மாட்டார்கள் என்றேன். களைவது, கிரைண்டர் பக்கத்தில் நின்று தள்ளிவிடுவது, கழுவுவது, பாக்கெட் போடுவது எல்லாம் கூட்டினால் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம். அந்தச் சைபரை அழித்து 600 என்று போட்டார். இட்லி மாவில் 480, அடை மாவில் 100, ஆக 580 லாபம் என்று இருந்த கட்டம் சிவப்பாகி, 'மைனஸ் 20' என்று நின்றது.

என்ன சொல்ல? நாலு வருஷமாக லாபம், லாபம் என்று நான் எண்ணி எண்ணி டப்பாவில் போட்டது என் கூலிதான். அதிலும் இருபது ரூபாய் குறைச்சல். எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. என் மகள்தான் தலையைக் குனிந்துகொண்டாள். பஸ்ஸில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா" என்றாள். "இதுல என்னடி தப்பா நினைக்க இருக்கு? கணக்கு நல்லாத்தானே இருக்கு" என்றேன்.

வீட்டில் சொன்னபோது அவர், "குடும்பத்துல இப்படியெல்லாம் கூலிக் கணக்குப் பார்த்தா நடக்குமா?" என்றார். பார்க்காமலும் நடக்கிறது, உண்மைதான். ஆனால் விலை வைக்கும்போது பார்த்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. மறு வாரமே மாவு விலையை 42 ஆக்கினேன். அண்ணாச்சி, "என்ன தங்கச்சி, திடீர்னு இப்படி?" என்றார். மகள் அச்சடித்துக் கொடுத்த தாளைக் காட்டினேன். நாலு கடைகள் அன்றே ஒப்புக்கொண்டன. ஒன்று ஒரு வாரம் இழுத்தடித்து ஒப்புக்கொண்டது. ஒரு கடை நின்றுவிட்டது, நின்றது நின்றதுதான்.

பக்கத்துப் போர்ஷனில் இருக்கும் பெண் இப்போது காலை ஐந்தரைக்கு வருகிறாள். ஒரு மணி நேரம், நூறு ரூபாய். அவளுக்கு இரண்டு வயசுக் குழந்தை. அது தூங்கி எழுவதற்குள் திரும்பிவிடலாம் என்பதால் இந்த வேலை அவளுக்குச் சௌகரியம். நின்ற கடை போக, இட்லி மாவு ஐம்பத்தெட்டு பாக்கெட் வரை போகிறது. என் கணவரும் ஒன்றும் பேசாமல் தராசுப் பக்கம் வந்து உட்கார ஆரம்பித்திருக்கிறார். நிறுத்துப் போடுவதில் அவர் கை இன்னும் தாராளம். ஒவ்வொரு பாக்கெட்டிலும் இருபது கிராம் கூடப் போகிறது. மகள் அதையும் குறித்துக்கொண்டிருக்கிறாள்!

பாக்கெட் வாயை ஒட்டக் கை மெஷின் ஒன்று வாங்கலாமா என்று அடுத்த யோசனை. "அதையும் கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்துடலாம்மா" என்கிறாள். போடட்டும். இந்த வியாழக்கிழமை கிரைண்டர் கல்லைக் கொத்த ஆள் வருகிறார். அன்று ஒரு நாள் மாவு கிடையாது என்று எல்லாக் கடைகளுக்கும் சொல்லிவிட்டேன். மறுநாள் இரண்டு மடங்காய் ஆர்டர் கேட்பார்கள், வழக்கமான அளவுதான் போடப்போகிறேன்.